கடினப்படுத்திய உருக்கை வெட்டும் கணினி மாதிரி: அறிகுறியைப் பார்த்துப் பிழை பிடிப்பது

"உராய்வுக் கெழுவை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன் சார், விசை மட்டும் ஒத்துவரவில்லை." முதுநிலை மாணவர்கள் மாதிரியைத் தூக்கிக்கொண்டு வரும்போது பெரும்பாலும் இந்த வாக்கியத்தோடுதான் வருகிறார்கள். பாதிக்கு மேற்பட்ட மாதிரிகளில் உராய்வுக்கும் பிழைக்கும் சம்பந்தமே இருப்பதில்லை. அலகு தவறியிருக்கும், அல்லது உளியின் விளிம்பைக் கத்திபோல் கூராக வரைந்திருப்பார்கள். அதனால் உராய்வைத் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியவற்றை அறிகுறிவாரியாக எழுதிவைக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத சோதனை முதலில் வரும், பணம் கேட்பது கடைசியில் வரும்.

மனத்தில் வைத்திருக்கும் வேலை இது. நம் பட்டறைகளில் இஎன் 31 என்று அழைக்கப்படும் 52100 பேரிங் உருக்கு, கடினத்தன்மை 62 ஹெச்ஆர்சி (ராக்வெல் சி அளவுகோல்). உளி, பிடிப்பானில் மாட்டும் சிபிஎன் (கன போரான் நைட்ரைடு) இன்சர்ட் என்னும் மாற்று முனை. வேகம் நிமிடத்துக்கு 180 மீட்டர், ஃபீட் (ஒரு சுற்றுக்கு உளி நகரும் தூரம்) 0.1 மி.மீ., வெட்டு ஆழம் 0.2 மி.மீ. மென்பொருள் அபாகஸ் எக்ஸ்பிளிசிட், அலகு மில்லிமீட்டர்–டன்–நொடி. வேறு மென்பொருளில் பெயர்கள் மாறும், நோய்கள் மாறாது. பொருளைக் கணக்குக்காகப் பிரிக்கும் சின்னத் துண்டான எலிமென்ட்டைக் கீழே 'கட்டம்' என்றும், கட்டங்களின் வலையை 'மெஷ்' என்றும் எழுதுகிறேன்.

## அறிகுறி 1: ஓட்டம் தொடங்கியதுமே நின்றுவிடுகிறது

### 'உருமாறும் வேகம் அலை வேகத்தைத் தாண்டிவிட்டது' என்று செய்தி வந்தால்

அடர்த்தியைப் பாருங்கள். இந்த அலகில் உருக்கின் அடர்த்தி 7.85×10⁻⁹. கைப்பழக்கத்தில் 7850 என்று போட்டுவிட்டால் அலை வேகம் நொடிக்கு ஐந்து மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். உளியோ நொடிக்கு 3000 மி.மீ. வேகத்தில் வந்து மோதுகிறது. மென்பொருள் கதறுவதில் நியாயம் இருக்கிறது.

ஓட்டத்தின் போக்கைப் பதியும் நிலைக் கோப்பில் முதல் நேரப்படி (ஒரு கணக்கீட்டுப் படியின் கால அளவு) எவ்வளவு என்று பார்த்தாலே இது தெரிந்துவிடும். 5 மைக்ரான் கட்டத்துக்கு அது ஒரு நானோநொடிக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். ஒரு மில்லிநொடி என்று காட்டினால் அடர்த்திதான் குற்றவாளி.

அடர்த்தி சரி என்றால் வேகத்தைப் பாருங்கள். நிமிடத்துக்கு 180 மீட்டரை 1,80,000 என்று போட்டவர்கள் உண்டு. 60-ஆல் வகுக்க மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

### வெப்பநிலை லட்சக்கணக்கில் ஏறி, கட்டங்கள் கூழாகிவிட்டால்

தன்வெப்பம். ஒரு கிலோவுக்கு 475 ஜூல் என்பது இந்த அலகில் 4.75×10⁸. 475 என்றே விட்டால் வெப்பநிலை பத்து லட்சம் மடங்கு தாவும். உலோகத்தின் வலிமையைத் திரிபு (உருமாற்ற அளவு), திரிபு வீதம் (அதன் வேகம்), வெப்பநிலை ஆகியவற்றை வைத்துச் சொல்வது ஜான்சன்–குக் சமன்பாடு. உருகுநிலையைத் தாண்டிய கட்டத்துக்கு அது வலிமையே கொடுக்காது, அதனால் அது கூழாகிறது. வெப்பக் கடத்துத்திறனைப் பொறுத்தவரை வாட்/மீட்டர்–கெல்வினில் உள்ள எண் இந்த அலகில் அப்படியே நிற்கும். இதையும் பத்து லட்சத்தால் பெருக்கிவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள்.

### அலகெல்லாம் சரி, ஆனால் 'கட்டம் அளவுக்கு மீறிச் சிதைந்தது' என்று வந்தால்

தொடக்க நிலையிலேயே உளி வேலைப்பொருளுக்குள் புகுந்திருக்கிறதா என்று விளிம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். புகாவிட்டால், மெஷ்ஷைத் தொடக்கத்திலேயே வெட்டுத் திசைக்கு எதிர்ப்புறமாகச் சாய்த்துப் போடுங்கள். வெட்டும்போது அது நிமிர்ந்து, பிறகுதான் மறுபக்கம் சாயும். கொஞ்ச நேரம் கிடைக்கும். அதற்கும் அடங்காவிட்டால் ஓட்டத்தின்போதே தன்னைச் சீர்செய்துகொள்ளும் தகவமை மெஷ், அதற்குப் பிறகு மறுமெஷ் செய்யும் டிஃபார்ம் போன்ற மென்பொருள். கடைசி வழிக்கு உரிமக் கட்டணம் உண்டு.

## அறிகுறி 2: சீவல் சீவலாக வராமல் பொடியாக உதிர்கிறது

கட்டங்கள் வெட்டுவிளிம்புக்கு முன்னாலேயே மறைந்துகொண்டு போகும். நடுவில் வெற்றிடம், உளி காற்றை வெட்டிக்கொண்டிருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது, சேதம் தொடங்கிய பிறகு கட்டம் எவ்வளவு தாங்கும் என்று கொடுத்திருக்கும் எண். முறிவு இடப்பெயர்ச்சியோ முறிவு ஆற்றலோ சுழியாக இருந்தால், சேதம் தொடங்கிய நொடியே கட்டம் அழிந்துவிடும். சுழியை எடுத்துவிட்டு ஒரு நியாயமான முறிவு ஆற்றலைக் கொடுத்தாலே பாதிப் பேருக்குச் சரியாகிவிடுகிறது.

அடுத்து, எங்கே அழிய அனுமதித்திருக்கிறீர்கள் என்பது. முழு வேலைப்பொருளுக்கும் கட்டம் அழிக்கும் அனுமதியைக் கொடுத்துவிட்டு, சீவல் ஏன் உதிர்கிறது என்று கேட்பதில் பொருள் இல்லை. சீவலுக்கும் அடிப்பொருளுக்கும் இடையே ஒரு மெல்லிய பலி அடுக்கு வைத்து அங்கே மட்டும் அழிவை அனுமதிப்பது வழக்கம். அந்த அடுக்குக்குத் தனியாக ஒரு பாவக் கணக்கு உண்டு. அது நான்காம் அறிகுறியில் வரும்.

கட்டம் அழிந்த பிறகு உளி வேலைப்பொருளுக்குள் பேய்போல் புகுந்து போகிறதா? அப்படியானால் எந்தப் பரப்பு எதைத் தொடும் என்று சொல்லும் தொடர்பு வரையறையில் வெளிப்பரப்பு மட்டும்தான் இருக்கிறது. மேல்கட்டம் போனதும் உள்கட்டத்தின் முகம் யாருக்கும் தெரிவதில்லை. உள்முகங்களையும் தொடர்பில் சேர்க்க வேண்டும். முடியாத இடத்தில் கட்ட மூலைகளான முனையங்களை மட்டும் கொண்ட பரப்பைப் பயன்படுத்தலாம்.

## அறிகுறி 3: பட்டறையில் ரம்பப்பல், திரையில் வழவழப்பான நாடா

50 ஹெச்ஆர்சிக்கு மேலுள்ள உருக்கை இந்த வேகத்தில் வெட்டினால் சீவல் ரம்பப் பல்லாகத்தான் வரும். ஒரு துண்டை எடுத்து ரெசினில் புதைத்து, மெருகேற்றி, நுண்ணோக்கியில் பார்த்தால் பல் வரிசை தெரியும். மாதிரி மட்டும் கடைந்த வெண்ணெய்போல் நாடாவை உருட்டித் தருகிறது.

வெப்பநிலை அலகை முதலில் பாருங்கள். அறை வெப்பநிலை 298, உருகுநிலை 1793 என்று கெல்வினில் கொடுத்துவிட்டு, தொடக்க வெப்பநிலையை 25 என்று செல்சியஸில் கொடுத்திருப்பார்கள். அல்லது தொடக்க வெப்பநிலையைக் கொடுக்கவே மறந்திருப்பார்கள். அப்போது மென்பொருள் சுழி என்று எடுத்துக்கொள்ளும். இரண்டிலும், 298-ஐ எட்டும்வரை உலோகம் மென்மையாவதே தொடங்காது. மென்மையாகாத உலோகத்தில் பல் எப்படி விழும்?

அது சரியானால் மெஷ். பற்களுக்கு இடையே வெட்டிப்போகும் பட்டை சில மைக்ரான் அகலம்தான். 20 மைக்ரான் கட்டத்தில் அது தெரியாது. சீவல் பகுதியில் மட்டும் 5 மைக்ரானுக்குக் கீழே இறக்கிப் பாருங்கள். இரவு முழுக்க ஓட விட வேண்டியிருக்கும்.

மூன்றாவது, பொருள் மாறிலிகள். இதில்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 1983-இல் ஜான்சனும் குக்கும் வெளியிட்ட 4340 உருக்கின் எண்களைத் தேடுபொறி முதலில் நீட்டும்: ஏ 792, பி 510 மெகாபாஸ்கல், என் 0.26, சி 0.014, எம் 1.03. 4340 என்பது நம் இஎன் 24-க்கு நெருங்கிய உறவு. ஆகவே எல்லோரும் அப்படியே எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். அந்த எண்கள் 30 ஹெச்ஆர்சி உருக்குக்கு உரியவை. அந்தக் கடினத்தில் இழுவலிமை ஏறத்தாழ 950 மெகாபாஸ்கல். 50 ஹெச்ஆர்சியில் 1700-ஐத் தாண்டிவிடும். பாதி வலிமையுள்ள உலோகத்தை வெட்டிவிட்டு, கடின உருக்கு ஏன் பல் விடவில்லை என்று கேட்கிறோம். மாறிலிகளை எடுக்கும் கட்டுரையில் கடினத்தன்மை குறிப்பிடப்படவில்லையென்றால் அந்தக் கட்டுரையை மூடிவிடுங்கள்.

இன்னொரு சின்ன வலை: திரிபு வீதத்தால் வலிமை எவ்வளவு ஏறும் என்று சொல்லும் சி மாறிலியும் ஒப்பீட்டுத் திரிபு வீதமும் சோடியாக வருபவை. ஒன்றை ஒரு கட்டுரையிலிருந்தும் மற்றதை வேறொன்றிலிருந்தும் எடுக்கக் கூடாது. திரிபு வீதம் பத்து லட்சம் என்றால், ஒப்பீடு 1 ஆக இருக்கும்போது 0.014 என்னும் சி வலிமையை 19 விழுக்காடு உயர்த்தும். ஒப்பீட்டை 0.001 ஆக்கினால் அதே சி 29 விழுக்காடு உயர்த்தும்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: உங்கள் உருக்குக்கு, உங்கள் கடினத்தில், மாறிலிகள் எங்கும் கிடைக்கவில்லையென்றால், அதிவேக மோதலில் வலிமையை அளக்கும் ஹாப்கின்சன் தண்டுச் சோதனை செய்யும் ஆய்வகத்தை அணுக வேண்டும். அவர்கள் வழக்கமாகத் தரும் திரிபு வீதம் ஆயிரம் முதல் பத்தாயிரம் வரைதான். வெட்டுமிடத்தில் லட்சத்தைத் தாண்டும். ஆக, அங்கேயும் ஓர் ஊகம் மிச்சம் இருக்கும். திரிபு ஏறஏற வலிமை சரியும்படி சமன்பாட்டையே மாற்றி எழுத வேண்டுமென்றால், துணைநிரல் எழுதத் தெரிந்தவர் வேண்டும். அதை எழுதும் ஃபோர்ட்ரான் மொழியை முதன்முறையாகத் திறக்கும் மாணவர் இதை ஒரு பருவத்துக்குள் முடித்து நான் பார்த்ததில்லை.

## அறிகுறி 4: வெட்டுவிசை ஒத்துவருகிறது, தள்ளுவிசை பாதிகூட வரவில்லை

உராய்வுக் கெழுவை எல்லோரும் முறுக்குவது இங்கேதான். 0.3 போதவில்லை, 0.5 போடு, 0.7 போடு. தள்ளுவிசை கொஞ்சம் ஏறும், கூடவே வெட்டுவிசையும் ஏறிக் கெட்டுப்போகும். சீவல் தடிக்கும், வெப்பநிலை தாறுமாறாகும். ஒரு எண்ணைச் சரிசெய்ய மூன்றைக் கெடுப்பது.

கடின உருக்கைக் கடையும்போது உளியை வேலைப்பொருளிலிருந்து தள்ளும் விசை வெட்டுவிசையைவிடப் பெரிதாக இருப்பது இயல்பு. சாதாரண உருக்கில் பழகியவர்கள், அளவுக்கருவியில் இணைப்பை மாற்றிப் போட்டுவிட்டோமோ என்று சந்தேகப்படுவார்கள். காரணம் விளிம்பு. அதனால் தேடலை விளிம்பிலிருந்து தொடங்குங்கள்.

### செலவில்லாத சோதனை: இன்சர்ட் பெட்டியைப் பாருங்கள்

பெட்டியின் மேல் இன்சர்ட்டின் பெயருக்குப் பின்னால் எஸ்01020 போன்ற ஒரு குறி இருக்கும். முதல் எழுத்து எஸ் என்றால் விளிம்பு சாய்வாக வெட்டப்பட்டு, அதன் பிறகு மழுக்கவும் பட்டிருக்கிறது. டி என்றால் சாய்வு மட்டும், இ என்றால் மழுக்கல் மட்டும், எஃப் என்றால் கூர். அடுத்த மூன்று இலக்கம் சாய்வின் அகலம், 0.10 மி.மீ. கடைசி இரண்டு இலக்கம் கோணம், 20 டிகிரி. மாதிரியில் இது இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது. கையேட்டில் கண்ட பிடிப்பானின் மைனஸ் 6 டிகிரி ரேக் கோணத்தை (சீவல் வழுகும் முகத்தின் சாய்வு) மட்டும் போட்டு, கூர் விளிம்பு வரைந்திருப்பார்கள்.

### அரை மணி நேரக் கணக்கு: சீவல் எவ்வளவு தடிமன்?

பெயரில் 120408 என்று இருந்தால் கடைசி 08 மூக்கு ஆரம், 0.8 மி.மீ. வெட்டு ஆழமோ 0.2 மி.மீ. தான். ஆக, வெட்டு முழுவதும் மூக்கின் வளைவிலேயே நடக்கிறது. நேர்விளிம்பு வேலைப்பொருளைத் தொடுவதே இல்லை. வளைவில் தொடும் நீளம் சுமார் 0.58 மி.மீ. வெட்டும் பரப்பு 0.1 பெருக்கல் 0.2, அதாவது 0.02 சதுர மி.மீ. வகுத்தால் வெட்டப்படாத சீவலின் சராசரித் தடிமன் 35 மைக்ரான். அதிகபட்சம்கூட 66 மைக்ரான் அளவுதான்.

இப்போது மாதிரியைத் திறந்து பாருங்கள். ஃபீட் 0.1 என்பதால் சீவல் தடிமனும் 100 மைக்ரான் என்று இருபரிமாணத்தில் வரைந்திருக்கிறீர்கள். உண்மையில் சராசரி அதில் மூன்றில் ஒரு பங்கு. சாய்வின் அகலம் 100 மைக்ரான், சீவலின் உச்சத் தடிமன் 66. அப்படியென்றால் வெட்டு நடப்பது சாய்வின் மேல். நீங்கள் கவனமாகக் கொடுத்த மைனஸ் 6 டிகிரி முகம் வேலைக்கே வரவில்லை. செயல்படும் ரேக் கோணம் மைனஸ் 26. தள்ளுவிசை எங்கே போயிற்று என்பதற்குப் பதில் இங்கே பெரும்பாலும் கிடைத்துவிடும்.

இருபரிமாண மாதிரியில் விசை ஒரு மி.மீ. அகலத்துக்குத்தான் வரும் என்பதையும் இந்த நேரத்திலேயே சரிபார்த்துவிடுங்கள். பெருக்க வேண்டியது 0.58-ஆல், 0.2-ஆல் அல்ல.

### ஓர் இரவு வேலை: பலி அடுக்கை எடுத்துவிட்டு ஓட்டுங்கள்

இரண்டாம் அறிகுறியில் சொன்ன பாவக் கணக்கு இதுதான். மழுங்கிய விளிம்பின் அடியில் உலோகம் நசுங்கி, இழுபட்டு, பின்புறம் வழிய வேண்டும். தள்ளுவிசையில் பெரும்பங்கு அந்த நசுக்கலிலிருந்து வருகிறது. நாமோ சரியாக அந்த இடத்தில் ஒரு அடுக்கை வைத்து, உளி வந்ததும் மறைந்துபோ என்று சொல்லியிருக்கிறோம். நசுங்க வேண்டிய பொருளை நாமே அழித்துவிட்டு விசையைத் தேடுகிறோம். அடுக்கின் தடிமன் விளிம்பு ஆரத்துக்குச் சமமாக இருந்தால் நசுக்கல் முழுவதும் காணாமல் போய்விடும்.

அடுக்கு இல்லாமல் ஓட, தகவமை மெஷ் ஒரு வழி. உலோகம் நிலையான மெஷ்ஷுக்குள் நீர்போல் பாயும் ஆய்லர்–லக்ராஞ்சு கூட்டு முறை மற்றொரு வழி. இரண்டாவதை அபாகஸ் முப்பரிமாணக் கட்டத்தில்தான் அனுமதிக்கும். ஒரு கட்டத் தடிமனில் தகடாக வரைந்து, இருபுறமும் நகராமல் பூட்டிவிட்டால் இருபரிமாணம் போலவே நடந்துகொள்ளும்.

### பணம் கேட்கும் சோதனைகள்

மழுக்கலின் ஆரம் பெட்டிக் குறியில் வராது. ஒளியியல் அளவுக்கருவி உள்ள ஆய்வகத்தில் இன்சர்ட்டைக் கொடுத்து விளிம்பின் வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தச் செலவு செய்யத் தகுந்தது. விசை அளந்த இன்சர்ட் புதிதா, தேய்ந்ததா என்பதும் முக்கியம். விலாவில் (வேலைப்பொருளை உரசும் பக்கத்தில்) 0.1 மி.மீ. தேய்மானம் இருந்தாலே தள்ளுவிசை குறிப்பிடத்தக்க அளவு ஏறிவிடும். தேய்ந்த உளியில் அளந்த விசையைப் புதிய உளியின் மாதிரியோடு ஒப்பிட்டு ஒரு மாதத்தை வீணாக்கிய ஆய்வேட்டை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

இத்தனையும் முடிந்த பிறகு இடைவெளி மிச்சமிருந்தால் உராய்வுக் கெழுவைத் தொடலாம்.

## அறிகுறி 5: உளி சூடேறவே இல்லை

தொடக்க வெப்பநிலையிலேயே நிற்கிறது என்றால்: கணக்கீட்டு முறை அடியபாட்டிக் என்று இருக்கிறதா பாருங்கள். அதில் வெப்பம் ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகாது. உளியை வெறும் விறைப்பான கோடாக வரைந்திருந்தாலும் இதே கதிதான். வெப்பநிலை அறியும் கட்டங்கள் அதில் வேண்டும்.

சீவல் 700 டிகிரி, உளி 150 டிகிரி என்றால்: தொடர்பில் வெப்பக் கடத்தலைக் கொடுத்திருக்கிறீர்களா, எந்த அலகில் என்று பாருங்கள். சதுர மீட்டருக்குப் பத்து லட்சம் வாட் என்பது இந்த அலகில் ஆயிரம்தான். அதுவும் சரியென்றால் மாதிரியில் பிழையே இல்லை. நீங்கள் ஓட்டியது ஒரு மில்லிநொடி. உண்மையான உளி நிலையான வெப்பத்தை எட்ட அது போதவே போதாது. கணக்கை நொடிக்கணக்கில் நீட்ட முடியாது என்பதால், உளியின் தன்வெப்பத்தை மட்டும் செயற்கையாகக் குறைத்து விரைவில் சூடேறச் செய்வது வழக்கத்தில் உள்ள தந்திரம். இறுதி வெப்பநிலைக்கு அது உதவும். எவ்வளவு நேரத்தில் ஏறியது என்று அதிலிருந்து சொல்லக் கூடாது.

சீவலின் வெப்பநிலை நம்பத்தக்கதா என்று ஒரு கைக்கணக்கு போட்டுக்கொள்ளுங்கள். தகைவு 1500 மெகாபாஸ்கல், திரிபு 2, அதில் 90 விழுக்காடு வெப்பமாகிறது. அடர்த்தியாலும் தன்வெப்பத்தாலும் வகுத்தால் ஏற்றம் சுமார் 720 டிகிரி. சூடு ஏறஏறத் தன்வெப்பமும் ஏறுவதால் உண்மையில் கொஞ்சம் குறையும். மாதிரி 200 அல்லது 2000 காட்டினால் முதலாம் அறிகுறிக்குத் திரும்பிப் போங்கள்.

## அறிகுறி 6: விசை வரைபடம் முள்ளம்பன்றிபோல் இருக்கிறது

வடிகட்டியைப் போடுவதற்கு முன், அந்த முட்களில் எது உண்மை என்று பிரிக்க வேண்டும். பற்கள் 50 மைக்ரானுக்கு ஒன்று, சீவல் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்றால், விசை நொடிக்கு 40,000 முறை ஏறி இறங்கும். அது உண்மையான ஆட்டம். கட்டம் அழியும்போது விழும் கூர்முட்கள் போலி. மெஷ்ஷைப் பாதியாக்கி ஓட்டுங்கள். இடைவெளி மாறாத ஆட்டம் பல்லுடையது, மெஷ்ஷோடு சேர்ந்து மாறுவது போலி.

விசை அளக்கும் பட்டறை டைனமோமீட்டரின் இயல்பு அதிர்வெண் நொடிக்குச் சில ஆயிரம்தான். 40,000-ஐ அது காட்டவே முடியாது. அளந்த விசையோடு சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள்.

மெஷ் சதுரங்கப் பலகைபோல் ஒன்றுவிட்டு ஒன்று நெளிந்திருக்கிறதா? அது ஹவர்கிளாஸ் நெளிவு. நெளிவைத் தடுக்க மென்பொருள் சேர்க்கும் செயற்கை ஆற்றலை உள்ளாற்றலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்து விழுக்காட்டைத் தாண்டினால் அந்த ஓட்டத்தின் எந்த எண்ணையும் அறிக்கையில் போடாதீர்கள்.

## அறிகுறி 7: ஓட்டம் முடிய மூன்று வாரம் என்கிறது

ஒரு மி.மீ. வெட்ட 0.33 மில்லிநொடி. 5 மைக்ரான் கட்டம் என்றால் சுமார் 4 லட்சம் படிகள். இது சாதாரணக் கணினிக்குத் தாங்கும் கணக்குதான். மூன்று வாரம் காட்டினால் எங்கோ ஒரு மூலையில் ஒரே ஒரு நசுங்கிய சின்னக் கட்டம் மொத்த ஓட்டத்தின் நேரப்படியையும் பிடித்து இழுக்கிறது. மென்பொருளே அதன் எண்ணைச் சொல்லும். அதைத் திருத்துங்கள்.

வெட்டு வேகத்தைப் பத்து மடங்காக்கி நேரத்தை மிச்சப்படுத்தலாமா என்று கேட்பார்கள். கூடாது. திரிபு வீதம் மாறும், வெப்பம் பரவ நேரம் கிடைக்காது, நீங்கள் வேறொரு வெட்டைக் கணக்கிடுவீர்கள். மாஸ் ஸ்கேலிங் (நேரப்படியை நீட்ட நிறையைச் செயற்கையாக ஏற்றும் மென்பொருள் வசதி) செய்யலாம், அளவோடு. அதைவிட்டு அடர்த்தியையே கையால் ஏற்றினால் வெப்பக் கொள்ளளவும் சேர்ந்து ஏறி, சீவல் குளிர்ந்துவிடும். ஏற்றித்தான் ஆக வேண்டுமென்றால் தன்வெப்பத்தை அதே விகிதத்தில் இறக்குங்கள்.

## அறிகுறி 8: பரப்பில் வெள்ளை அடுக்கு, மாதிரியில் ஒன்றும் இல்லை

வராது. வெள்ளை அடுக்கு என்பது வெட்டிய பரப்பில் உலோகத்தின் உள்கட்டமைப்பு மாறிய மெல்லிய தோல்; அந்த மாற்றத்தை ஜான்சன்–குக் சமன்பாடு அறியாது. எஞ்சிய தகைவைக் கணக்கிட்டு வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வேலை என்றால், கட்டமைப்பு மாற்றத்தைச் சேர்த்து எழுதத் தெரிந்த குழுவிடம் நேராகப் போங்கள். சொந்தமாக முயன்று பார்க்கும் இடமல்ல இது.

போகும்போது கையில் இருக்க வேண்டியவை: விசை அளந்த அதே இன்சர்ட், அதன் பெட்டி, ரெசினில் புதைத்த சீவல், வேலைப்பொருளின் கடினத்தன்மை அளந்த சீட்டு, மாற்றம் செய்யாத முதல் உள்ளீட்டுக் கோப்பு. வண்ணப் படங்களை வீட்டிலேயே விட்டுவிடலாம்.